பெலிண்டா டீச்சரின் மகன் வந்துவிட்டான்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பொன்மலையில் பாதிப் பேர் கறிக்கடை வரிசைக்கு ஓடுவார்கள். பெலிண்டா மட்டும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போவாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற மறைக்கல்வி வகுப்பு அங்கேதான். சம்பளம் கிடையாது. வருஷ முடிவில் ஒரு எவர்சில்வர் டப்பாவும், சாமியார் கையால் ஒரு சால்வையும் கிடைக்கும். அந்தச் சால்வைகள் அவள் வீட்டு அலமாரியில் பிரிக்காமலேயே அடுக்கியிருக்கின்றன. போர்த்திக்கொண்டு எங்கே போவது? வெயில் ஊர்.

மற்ற பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோவா பெட்டகமா, காணாமல் போன ஆடா, பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்படி சொல்வாள். ஒரே ஒரு பாடத்தில்தான் தடுமாறுவாள். ‘கஷ்டகாலத்தில் குடும்பத்தைத் தாங்குவது விசுவாசம்’ என்று அதற்குத் தலைப்பு. படம்கூடப் போட்டிருக்கும்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நடுவில் மெழுகுதிரி. பாடத்தின் கடைசியில் ‘ஆசிரியர் தம் குடும்ப அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவும்’ என்று ஒரு குறிப்பு. பெலிண்டா வருஷா வருஷம் அந்தக் குறிப்பை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். ‘ஒரு ஊர்ல ஒரு குடும்பம் இருந்துச்சு’ என்று யார் வீட்டுக் கதையையோ சொல்லி ஒப்பேற்றுவாள். தன் வீட்டுக் கதையைச் சொன்னால் பாடம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் அற்புதசாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுக்கப் போன மனுஷன், ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. வேலையில் இருக்கும்போது இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவார்கள். ஒருவருக்குத்தான். மகன் பிராங்க்ளினுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. பாலிடெக்னிக்கில் இருந்தான், படித்ததைவிட அரியர் வைத்தது அதிகம். பையன் படிப்பை முடிக்கட்டும், குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் கையை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று பெலிண்டா அந்த வேலையைத் தானே வாங்கிக்கொண்டாள். மகனுக்காகத்தான் செய்தாள். மகன் அப்படி நினைக்கவில்லை.

“அப்பா சைக்கிளை நீ எடுத்துக்கிட்ட. அப்பா வேலையையும் நீயே எடுத்துக்கிட்ட. எனக்கு என்னதாம்மா மிச்சம்?” என்று கேட்டான்.

அவள் ஏதோ எரிச்சலில், “மொதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் பேசு” என்றுவிட்டாள். அவ்வளவுதான் சண்டை. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை.

ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். போன் போட்டால் எடுக்க மாட்டான். ஞாயிறுதோறும் ‘பூசைக்குப் போனியாப்பா’ என்று வாட்ஸ்அப்பில் கேட்பாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாகும். பதில் வராது. பையன் உயிரோடு இருக்கிறான், அம்மா எழுதியதைப் படிக்கவும் செய்கிறான், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும், யாருக்கய்யா பழகிற்று என்று. பெலிண்டாவுக்குப் பழகவில்லை. ஆபீஸ் விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகத்தான் வலித்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு மகனுக்காகப் பூசைக் கருத்து கொடுப்பாள். இன்ன காரியத்துக்காக இந்தப் பூசை என்று, தொடங்கும் முன் மைக்கில் வாசிப்பார்களே, அது. ‘மகன் பிராங்க்ளின் வீடு திரும்ப வேண்டி, தாய் பெலிண்டா.’ வாசிப்பவர் உபதேசியார் தைரியராஜ். கோயில் மணி அடிப்பதிலிருந்து கல்லறையில் குழி வெட்ட ஆள் பிடிப்பது வரை அந்தக் கோயிலில் எல்லாம் அவர்தான். மற்ற வேலைகளில் முன்னே பின்னே இருந்தாலும் வாசிப்பில் பிசகமாட்டார் என்று பெயர்.

அந்த ஞாயிறு பிசகினார். முதல் கருத்து, ஒருவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றியாக. அடுத்தது, ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததற்கு நன்றியாக. அந்த வேகத்திலேயே போய், “மகன் பிராங்க்ளின் வீடு திரும்பியதற்கு நன்றியாக, தாய் பெலிண்டா” என்று கணீரென்று வாசித்துவிட்டார்.

பெலிண்டாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பூசை முடியட்டும், மனுஷரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், எப்போதும் தலையை மட்டும் அசைக்கிற முன்பெஞ்சுப் பெண் திரும்பி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு வருவதற்குள் ஆள் மாற்றி ஆள். மாதா கைவிடல பாத்தீங்களா டீச்சர் என்றார் ஒருவர். இளைச்சுப் போயிருக்கானா என்று கேட்டார் இன்னொருவர். பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மா கட்டிக்கொண்டு அழுதே விட்டார். பெலிண்டாவை ஒருவர் தொட்டு எத்தனை காலமாயிற்று. அந்தத் தோளில் சாய்ந்தபோது, ‘இல்லீங்க, தப்பா வாசிச்சிட்டாரு’ என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாரும் கறிக்கடைக்குப் போய்விட்டார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றைக்குப் பார்த்து அந்த விசுவாசப் பாடம். வினை வேறெங்கும் இல்லை, அங்கேதான் இருந்தது.

முன்வரிசையில் ஜெஸ்லின் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. அவளுடைய அப்பா திருவெறும்பூரில் காண்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவர். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, அங்கேயே நாலு பேரோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கி மாசக்கணக்காகிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். வரவில்லை. இந்தக் கதை வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

“மிஸ், ஜெபம் பண்ணித்தானே பிராங்க்ளின் அண்ணன் வந்தாங்க?” என்று ஜெஸ்லின் கேட்டாள்.

“ம்.”

“ஒருசந்தி இருந்தீங்களா?”

ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற விரதம். வெள்ளிக்கிழமைதோறும் பெலிண்டா இருக்கிறாள். “இருந்தேன்” என்றாள். அது பொய் இல்லை.

“அப்ப விசுவாசமா இருந்தா, போனவங்க கண்டிப்பா வருவாங்களா மிஸ்?”

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? பெலிண்டாவால் முடியவில்லை. “வருவாங்கம்மா” என்றாள். முதல்முறையாக அந்தப் பாடம் தடங்கல் இல்லாமல் முடிந்தது.

வீட்டுக்கு வந்து மகனுக்கு எழுதினாள். ‘கோயில்ல நீ வந்துட்டதா வாசிச்சிட்டாங்கப்பா. எல்லாரும் உன்னைக் கேட்டாங்க.’ டிக் இரண்டும் நீலமாயின. அதற்கு மேல் அன்று ஒரு அதிசயம், அவன் பெயருக்குக் கீழே டைப்பிங் என்று வந்தது. பெலிண்டா அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அது மறைந்துபோயிற்று. ஒன்றும் வரவில்லை. அவள் உட்கார்ந்து வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள்.

நல்ல சேதிக்கு நம் ஜனங்களிடம் இருக்கிற வேகம் வேறெதற்கும் இல்லை. புதன்கிழமைக்குள் ஆபீஸ் வரை போய்விட்டது. ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் பக்கத்து மேஜை கோதைநாயகி ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து வருகிறவள். காலையில் வந்ததும் வராததுமாக ஒரு தூக்கை மேஜைமேல் வைத்தாள்.

“சேதி கேட்டதும் கண்ல ஜலம் வந்துடுத்து, பெலிண்டா. எங்காத்துல பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணிக் கண்டருளப் பண்ணினோம். கொழந்தைக்குக் குடுங்கோ. எல்லாம் அவன் கிருபை.”

இருபத்துநாலு வயசுக் குழந்தை. பெலிண்டா தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டு மகனுக்கென்று மூடி வைத்தாள். யாரை ஏமாற்ற? அவளுக்கே தெரியவில்லை. காலையில் திறந்தால் புளித்த வாடை. வாசலில் இருந்த பூனைக்குக்கூட வேண்டாம் என்றாகிவிட்டது. கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

“சாப்ட்டானோ?” என்றாள் கோதைநாயகி.

“விரும்பிச் சாப்பிட்டான்.”

எதிர்வீட்டில் கேட்டதற்குத் தூங்குகிறான் என்றாள். மாடிவீட்டில் கேட்டதற்குத் தென்னூரில் சிநேகிதனைப் பார்க்கப் போயிருக்கிறான் என்றாள். இல்லாத மகனுக்குத் தூக்கம், பசி, சிநேகிதன் எல்லாம் வந்துவிட்டது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆறு வருஷமாக அவளிடம் யாரும் மகனைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று ஒதுங்கிப் போவார்கள். இந்த ஒரு வாரம்தான் அவன் பெயர் நாலு பேர் வாயில் அடிபட்டது. அடுத்த மாசம் எல்லாரும் மறந்துவிடுவார்கள், மறுபடி வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸ் கேட்டருகே ஜெஸ்லினின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தையல் யூனிட்டில் வேலை. முந்தானையில் நூல் ஒட்டியிருந்தது.

“டீச்சர், பாப்பா திங்கக்கிழமையிலேருந்து ஒருசந்தி. மத்தியானம் ஸ்கூல்ல சாப்பிடுறதோட சரி. அவங்கப்பா வர்ற வரைக்கும்னு மாதாவுக்கு வாக்குக் குடுத்திருக்காளாம். இன்னிக்குக் காலையில ஸ்கூல் பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா.”

“டாக்டர்கிட்டக் காமிச்சீங்களா?”

“காமிச்சேன். குளுக்கோஸ் குடுத்து, நல்லா சாப்பிடச் சொல்லி அனுப்பினாங்க. சாப்பிட்டாத்தானே? அடிச்சும் பாத்துட்டேன். மிஸ் ஒருசந்தி இருந்தாங்க, அண்ணன் வந்தாங்கங்கிறா. நீங்க பிராங்க்ளின் தம்பியை ஒரு எட்டு அனுப்பி வைங்க டீச்சர். அவரு சொன்னா கேப்பா. ஜெபத்துல வந்தவருன்னு அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.”

“அவனை அனுப்ப முடியாதும்மா. நான் வரேன். நீங்க முன்னாடி போங்க.”

போகிற வழியில் கோயில். உபதேசியார் வாசல் பைப்பில் பூஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பெலிண்டா பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். மனுஷர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டார்.

“நானா? நன்றின்னா வாசிச்சேன்?”

“நன்றின்னுதான் வாசிச்சீங்க.”

“வருஷக்கணக்கா வாசிக்கிற வரி டீச்சர் அது. மேல ரெண்டும் நன்றியா இருந்துச்சா, நாக்கு அதுலயே ஓடிருச்சு.” ஈரக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே. மைக்குலயே மாத்திச் சொல்லியிருப்பேனே.”

“சொல்லியிருக்கலாம்” என்றாள் பெலிண்டா. “வர்ற ஞாயிறு சரியா வாசிச்சிருங்க. வேண்டின்னு.”

ஜெஸ்லின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரே அறை. மாதா படத்துக்குக் கீழே பாயில் ஜெஸ்லின் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. பெலிண்டாவைப் பார்த்ததும் பிள்ளை அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

“பிராங்க்ளின் அண்ணன் வரலையா மிஸ்?”

“வரலம்மா.”

“வேலையா?”

பெலிண்டா பாயில் உட்கார்ந்தாள். “இல்ல. அவன் இன்னும் வீட்டுக்கே வரல. உபதேசியார் தப்பா வாசிச்சிட்டாரு. நான் தப்புன்னு யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல.”

அடுப்படியில் அம்மாவின் கை நின்றது. “ஏன் டீச்சர் இப்படிப் பண்ணீங்க? அஞ்சு நாளா எம்புள்ளை பட்டினி கிடக்குதே.”

“தப்புதாம்மா” என்றாள் பெலிண்டா. குழாயடியில் நாலு பேர் முன்னால் பிடித்து உலுக்கியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

ஜெஸ்லின் அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். “அப்ப ஜெபம் பண்ணாலும் வர மாட்டாங்களா?”

இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. நாலைந்து பதில் இருக்கிறது. வகுப்பில் அத்தனையும் சொல்லிக் கொடுத்தவள்தான் அவள். அதில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

“தெரியலம்மா. நான் ஆறு வருஷமா பண்றேன். அவன் வரல.”

“அப்புறம் எதுக்கு மிஸ் பண்றீங்க?”

“சாயங்காலம் ஆனா வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. அவனைப் பத்தி யார்கிட்டயாவது பேசணும்ல. ஆண்டவர்கிட்டப் பேசுறேன். பேசினா அன்னிக்குப் பொழுது தாண்டிரும். மறுநாள் எந்திரிச்சு வேலைக்குப் போயிடுறேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வருவாங்கன்னு கிளாஸ்ல சொன்னது தெரிஞ்சு சொன்னதில்ல, ஆசைப்பட்டுச் சொன்னது.”

பிள்ளை ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, “வாக்குக் குடுத்துட்டேனே” என்றது.

“என் பொய்யைக் கேட்டுக் குடுத்த வாக்கு அது. மாதா அதைப் பிடிச்சு வச்சுக்க மாட்டாங்க. ஒருசந்தியெல்லாம் பெரியவங்க நாங்க இருந்துக்கறோம். நீ சாப்பிட்டுட்டே அப்பாவைக் கேளு. உங்கப்பாவுக்கும் நீ பட்டினி கிடந்தா பிடிக்காது.”

தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போயிற்று. ஜெஸ்லின் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுறேன்” என்றாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிய தட்டை எடுத்துப் போய்ச் சோற்றைச் சுட வைத்தாள். திரும்பி வந்து மகள் பக்கத்தில் முழந்தாள் போட்டாள். கோபம் இன்னும் குரலில் இருந்தது. “நீங்களே ஆரம்பிங்க டீச்சர்” என்றாள்.

ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முன்பாதி சொல்ல வேண்டும், பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். கத்தோலிக்க வீட்டில் பேச்சு வந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். பெலிண்டா கண்ணை மூடிக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினாள். பாதிக்கு வந்தாள். நிறுத்தவில்லை. அதே மூச்சில் ‘புனித மரியே’யையும் தானே சொல்லி, ஆமென் போட்டு, அடுத்த மணிக்குப் போய்விட்டாள். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். இரண்டாவது மணியிலும் அப்படித்தான். மூன்றாவதிலும் அப்படித்தான். மாவரைக்கிற மிஷின் மாதிரி அவள் குரல் ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

“மிஸ்” என்று ஜெஸ்லின் அவள் கையைத் தொட்டாள்.

பெலிண்டா கண்ணைத் திறந்தாள். “என்னம்மா?”

“அது நாங்க சொல்றது. நீங்க பாதியில நிறுத்தணும்.”

பெலிண்டாவுக்கு முதலில் புரியவில்லை. பிள்ளைகளுக்கு ஜெபமாலை சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஒரு பிள்ளை இதைச் சொல்கிறது. பிறகு புரிந்தது. இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் படத்தைப் பார்த்தாள்.

“வீட்டுல பதில் சொல்ல ஆள் இல்லல்ல. ரெண்டையும் நானே சொல்லிச் சொல்லி, நிறுத்துறதே மறந்துபோச்சு” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் ஒருவர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

அம்மா முழந்தாளிலேயே நகர்ந்து பெலிண்டாவுக்குப் பக்கத்தில் வந்தாள். ஜெஸ்லின் மட்டும் கண்டிப்பாக, “மொதல்லேருந்து சொல்லுங்க மிஸ். இந்த வாட்டி நிறுத்துங்க” என்றாள்.

பெலிண்டா மறுபடி தொடங்கினாள். பாதி வந்ததும் வாய் தன்பாட்டுக்கு முன்னால் போகப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். அடுப்பில் சோறு சூடாகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜெஸ்லின் சத்தமாக ‘புனித மரியே’ என்று எடுத்தாள், அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். பெலிண்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.